மூன்றாம் வரிசை நாற்காலி

“கை கழுவிட்டேனுங்க டீச்சர். சுத்தமா கழுவிட்டேன். ஆனா மனசுதான் ஆற மாட்டேங்குது.”

இப்படிச் சொல்லிக்கொண்டு மாடியேறி வந்தவர் அர்த்தநாரி. வயது ஐம்பத்தெட்டு. பவளமலையில் நூல் கமிஷன் கடை வைத்திருந்து, கடையை மருமகனிடம் விட்டுவிட்டுக் காலையில் வாக்கிங்கும் அப்புறம் பேப்பருமாக இருப்பவர்.

டீச்சர் என்று அவர் அழைத்த பூங்கோதைக்கு நாற்பத்திரண்டு. எந்தப் பள்ளிக்கூடத்திலும் அவர் பாடம் நடத்தியதில்லை. நர்சுகள், பஸ் கண்டக்டர்கள், ரிட்டயரான தபால்காரர்கள் எல்லாம் சேர்த்துவைத்ததை வாங்கிப் பங்குகளில் போட்டுப் பார்த்துக்கொள்கிறவர். யாராவது ஒரு கேள்வி கேட்டால் பதில் சொல்ல மாட்டார். திருப்பி ஒரு கேள்வி கேட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார். அதனால் கோயமுத்தூர்க்காரர்கள் அவரை டீச்சர் ஆக்கிவிட்டார்கள்.

டீச்சரின் ஆபீஸ் ஒரு கிரைண்டர் ரிப்பேர் கடைக்கு மேலே இருந்தது. கீழே கல் சுற்ற ஆரம்பித்தால் மேலே மேஜை நடுங்கும். பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்.

“எதைங்ண்ணா கழுவுனீங்க?” என்றார் டீச்சர்.

“வண்ணச்சோலை மில் பங்கு. இருவது வருசமா ஒவ்வொரு தீபாவளிக்கும் வாங்கிச் சேத்துனது. அத்தனையும் வித்துப்போட்டேன். சாயத்தண்ணிய ஓடையில வுடறானுங்க. ஒரு நாளைக்குச் சேப்பா ஓடுது, ஒரு நாளைக்கு ஊதாவா ஓடுது. அந்தக் காசு எனக்கு வேண்டாமுங்க.”

“நல்லதுங்ண்ணா.”

“நான் மட்டுமில்லீங்க. எங்க வாக்கிங் செட்டுல பத்துப் பன்னெண்டு பேரு. எல்லாத்துகிட்டயும் பேசிப் பேசி விக்க வெச்சுட்டேன்.”

இதைச் சொல்லும்போது அர்த்தநாரியின் முகத்தைப் பார்க்க வேண்டும். பேரனுக்கு முதல் மார்க் வந்த மாதிரி இருந்தது. நியாயமான பெருமைதான். வருகிற காசை வேண்டாம் என்கிறவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள்?

பையிலிருந்து ஒரு கட்டுப் பேப்பர் துண்டுகளை எடுத்து மேஜையில் பரப்பினார்.

“இப்ப பணம் பேங்குல சும்மா கெடக்குது. எதுல போடறதுன்னு நீங்கதான் சொல்லோணும். பாருங்க, எல்லாப் பேப்பர்லயும் பச்சை ஃபண்டு, பச்சை ஃபண்டுங்கறான். காத்தாடி கம்பெனிங்கறான், சோலார்ங்கறான். வட்டி ஏறுதாம். வெளிநாட்டுக்காரன் இனிமே தண்ணியக் கெடுக்காத துணியாப் பாத்துத்தான் வாங்குவானாம். எல்லாம் படிச்சுட்டேனுங்க. ஒண்ணும் புடிபட மாட்டேங்குது.”

டீச்சர் அந்தத் துண்டுகளைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை.

“ஆரு வாங்குனாங்க?”

“என்னதுங்க?”

“நீங்க வித்ததை. ஆரு வாங்குனாங்க?”

அர்த்தநாரி வாயைத் திறந்தார். கீழே கல் சுற்ற ஆரம்பித்தது. அது நிற்கும்போது டீச்சர் வேறு யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தார்.

*

அர்த்தநாரி நேராகப் புரோக்கர் சிவக்கொழுந்திடம் போனார்.

“நான் வித்த பங்கையெல்லாம் ஆருங்க வாங்குனது?”

சிவக்கொழுந்து சிரித்தார். பங்கு ஏறினாலும் சிரிப்பார், இறங்கினாலும் சிரிப்பார். இரண்டிலும் அவருக்குக் கமிஷன் உண்டு.

“ஸ்க்ரீன்ல பேரெல்லாம் வராதுங்ண்ணா. விக்கறவருக்கு விலை வரும், வாங்கறவருக்குப் பங்கு வரும். அத்தோட சரி. உங்களுக்குப் பணம் வந்துதில்ல?”

“வந்துச்சு.”

“அப்புறம் என்னுங்க?”

அதுதானே, அப்புறம் என்ன என்று அர்த்தநாரிக்கும் தோன்றியது. ஆனாலும் அடுத்த வாரம் மறுபடி மாடியேறினார்.

“தெரியாதுங்களாம் டீச்சர். தெரியவும் தேவையில்லைங்கறாரு.”

“அப்ப உங்க எடத்துல இனி உக்காரப்போறது ஆருன்னு உங்களுக்குத் தெரியாது.”

“என்ற எடமா? எந்த எடமுங்க?”

டீச்சர் ஒரு அட்டைப்பெட்டியை அவர் பக்கம் நகர்த்தினார்.

அந்த அறைக்குப் போனவர்களுக்குத் தெரியும். எங்கே பார்த்தாலும் பலகாரப் பெட்டிகள்தான். கம்பெனிகளின் வருஷக் கூட்டங்களில் பங்குதாரர்களுக்குக் கொடுப்பார்களே, ஒரு இனிப்பும் கொஞ்சம் மிக்சரும் போட்டு, அந்தப் பெட்டிகள். காலிப் பெட்டிகளில் பேனா, கிளிப், ரப்பர் ஸ்டாம்ப் எல்லாம் இருக்கும். ஒரே ஒரு பங்கு இருந்தாலும் டீச்சர் அந்தக் கம்பெனியின் கூட்டத்துக்கு நேரில் போய்விடுவார். அவரிடம் பணம் கொடுக்கிறவர்களும் வருஷத்துக்கு ஒரு கூட்டத்துக்காவது போய் உட்கார்ந்துவிட்டு வர வேண்டும். முடியாது என்கிறவர்களின் பணத்தை வாங்க மாட்டார். ‘மிக்சர் திங்கறதுக்கு ஊர் ஊராப் போறாங்க’ என்று மற்ற ஃபண்டுக்காரர்கள் கேலி பேசுவார்கள். டீச்சர் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. எனக்கு அவரிடம் ரொம்பப் பிடித்தது அந்தப் பிடிவாதம்தான்.

“மைசூர்பாகு எடுத்துக்குங்க. சிமெண்டுக் கம்பெனி குடுத்தது. பாத்துக் கடியுங்க.”

அர்த்தநாரி கடித்துப் பார்த்தார். பல் தப்பியது பெரிய விஷயம்.

“அவன் ஊரையே புகையில மூடறவனாச்சே. அவன் பங்கையா வெச்சிருக்கீங்க?”

“வெச்சிருக்கேனுங்க.”

“ஏனுங்க?”

“மைசூர்பாகு இளகட்டும்னுதான். போன வருசத்துக்கு இந்த வருசம் கொஞ்சம் தேவலை.”

இந்த அம்மாவுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று அர்த்தநாரி நினைத்தார்.

“அண்ணா, வண்ணச்சோலையில ஒரே ஒரு பங்கு திருப்பி வாங்குங்க.”

அர்த்தநாரிக்குக் கோபம் சுருக்கென்று வந்தது. “கழுவுன கையைக் கொண்டுபோய் மறுபடி சாக்கடையில வுடச் சொல்றீங்களா? உங்களைப் போய்ப் பெரிசா நெனச்சு வந்தேன் பாருங்க!”

பேப்பர் துண்டுகளை வாரிப் பையில் திணித்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். டீச்சர் தடுக்கவில்லை. பெட்டியை மூடி வைத்தார்.

*

அர்த்தநாரியின் தங்கை பாவாயி கொக்குக்குளத்தில் இருந்தாள். ஊருக்கே அந்தக் குளத்தின் பேர்தான். நாலு மாடு வைத்துச் சொசைட்டிக்குப் பால் ஊற்றிப் பிழைப்பவள். சும்மா வர மாட்டாள். அன்றைக்கு மத்தியானம் பஸ்ஸைப் பிடித்து வந்து நின்றாள்.

“என்ன அம்மிணி, இந்த வெயில்ல?”

“அண்ணா, உங்க மில்லுக்காரங்க வந்துட்டுப் போயிருக்காங்க. கொளத்தங்கரையில அளந்து கல்லு நட்டுட்டாங்க.”

“கல்லா? எதுக்கு?”

“புதுசா சாயப்பட்டறை கட்டறாங்களாம். கடன் வாங்கோணுமாம், அதுக்கு மீட்டிங் போட்டு ஓட்டு வெக்கறாங்களாம். தண்ணி கொளத்துலதான் வந்து வுழுகும்னு பேசிக்கறாங்க. நீங்க ஒரு வார்த்தை அந்த மொதலாளிகிட்டச் சொல்லுங்ண்ணா. வருசாவருசம் உங்களைக் கூப்பிட்டு முன்னால உக்கார வெக்கறாங்களே.”

அர்த்தநாரி நெஞ்சை நிமிர்த்தினார். “அது இனி என்ற மில்லு இல்ல அம்மிணி. ஓடைய நாசம் பண்ணுனானுங்கன்னு நான் அத்தனையும் வித்துப்போட்டேன்.”

பாவாயி கூடையைக் கீழே வைத்தாள்.

“வித்துப்போட்டீங்களா?”

“ஒண்ணு பாக்கியில்லாம.”

“அப்ப இனி நான் ஆருகிட்டண்ணா போய்ச் சொல்றது?”

அவள் அழவில்லை, சண்டை போடவில்லை. கூடையை எடுத்துக்கொண்டு நாலு மணி பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாள். கலந்து வைத்த காபி அப்படியே ஆறிக்கிடந்தது. அண்ணன் வீட்டுக்கு வந்து காபி குடிக்காமல் அவள் போனது அதுதான் முதல் தடவை.

அர்த்தநாரிக்கு அந்தக் காபியைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. தான் செய்தது நல்ல காரியம் என்பதில் அவருக்கு இப்போதும் சந்தேகமில்லை. ஆனால் அந்த நல்ல காரியத்தைக் கொண்டுபோய் அவள் மாட்டுக்குக் காட்ட முடியாது.

விசாரித்துப் பார்த்தார். பாவாயி சொன்னது சரிதான். புதுப் பட்டறைக்கு மில் பெரிய கடன் வாங்க வேண்டும். அவ்வளவு பெரிய கடனுக்குப் பங்குதாரர் கூட்டத்தின் சம்மதம் வேண்டும். ஒரு பங்குக்கு ஒரு ஓட்டு; விழுகிற ஓட்டில் முக்கால்வாசி சரி என்று சொல்ல வேண்டும். மொதலாளி குடும்பத்திடம் பாதிக்குக் கொஞ்சம் மேலே இருந்தது. மீதி ஊரார் கையில் இருந்தது. அதாவது, போன வருஷம் வரைக்கும் இருந்தது.

மறுநாள் காலையில் சிவக்கொழுந்திடம் போய் நின்றார்.

“வண்ணச்சோலையில ஒண்ணு வாங்குங்க.”

“ஒரு லாட்டுங்களா, நூறு பங்கு?”

“ஒரு பங்கு.”

“ஒரே ஒரு பங்கா! அண்ணா, என்ற கமிஷன்ல டீ கூடக் குடிக்க முடியாதுங்களே.”

“டீ நான் வாங்கித் தர்றேன். நீங்க வாங்குங்க.”

*

ஓட்டெல்லாம் இன்னும் கம்ப்யூட்டருக்குப் போகாத காலம் அது. வண்ணச்சோலையின் வருஷக் கூட்டம் வழக்கம்போல ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. வாசலில் பன்னீர் தெளித்தார்கள், சந்தனம் கொடுத்தார்கள், பலகாரப் பெட்டி கொடுத்தார்கள். பொண்ணு மாப்பிள்ளை மட்டும்தான் இல்லை.

மூன்றாம் வரிசை, ஃபேனுக்கு நேர் கீழே. இருபது வருஷமாக அர்த்தநாரியும் வாக்கிங் செட்டும் உட்காரும் இடம் அது. பெட்டியைப் பிரிப்பார்கள், மிக்சரில் முந்திரி குறைந்துபோனதைப் பற்றிப் பேசுவார்கள், காபி வந்ததும் கிளம்பிவிடுவார்கள். அந்த இருபது வருஷத்தில் ஒருவரும் ஒரு கேள்வி கேட்டதில்லை. ஆனாலும் மேடையிலிருந்து மொதலாளி ரத்தினசபாபதி அந்த வரிசையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பார்.

அர்த்தநாரி தயங்கித் தயங்கி அந்த வரிசைக்கு வந்தார்.

வரிசை நிறைந்திருந்தது. மில் கார் டிரைவர்கள், குடோன் வாட்ச்மேன், கணக்குப் பிரிவுப் பையன்கள். புதுச் சட்டை போட்டு, மடியில் பெட்டியை வைத்துக்கொண்டு, சொன்னபடி எழுதிக் கொடுப்பதற்குத் தயாராக உட்கார்ந்திருந்தார்கள்.

ஓரத்திலிருந்து நாலாவது, அர்த்தநாரியின் நாற்காலி. அதில் டீச்சர் உட்கார்ந்திருந்தார்.

“நீங்க எங்கீங்க இங்க?”

“பங்கு வெச்சிருக்கேனுங்ண்ணா.”

“எந்தப் பங்கு?”

“நீங்க வித்தது. உங்க வாக்கிங் செட்டு வித்ததுல பாதி.”

“ஆரு வாங்குனாங்கன்னு என்னையக் கேட்டீங்களே! உங்களுக்கே தெரியுமே!”

“என்ற பாதி எனக்குத் தெரியுமுங்க. மீதிப் பாதியத்தான் கேட்டேன்.”

டீச்சர் தாடையால் பக்கத்தில் காட்டினார். டிரைவர் ஒருவர் மரியாதையாகச் சிரித்தார்.

“பங்குதாரர் லிஸ்டைப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். மொதலாளியோட மச்சினர் வாங்கி இவிய பேருக்கு மாத்திக் குடுத்துட்டாருங்க. நான் போறதுக்குள்ள அவ்வளவும் போயிடுச்சு.”

அர்த்தநாரியின் கோபத்துக்கு எங்கே போவது என்று தெரியவில்லை. டீச்சர் மேலேயே பாய்ந்தது.

“நர்சுக சேத்துவெச்ச காசைக் கொண்டுவந்து இந்தச் சாக்கடையில போட்டீங்களா? அவியளுக்குத் தெரியுமா?”

“தெரியுமுங்க. பின்னால பாருங்க.”

அர்த்தநாரி திரும்பினார். கடைசி இரண்டு வரிசை முழுக்க அவர்கள்தான். நைட் டூட்டி முடித்து அப்படியே வந்த நர்சுகள், லீவு போட்டு வந்த கண்டக்டர், காதில் மெஷின் மாட்டிய தபால்காரர். சின்னச் சின்னத் தொகைக்காரர்கள். வண்ணச்சோலை எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. டீச்சர் வரச் சொன்னார், வந்திருக்கிறார்கள். ஒருத்தர் அவருக்குக் கை காட்டினார்.

அர்த்தநாரியும் பதிலுக்குக் கை காட்டினார். எத்தனையோ பெரிய முதலீட்டாளர்களைப் பற்றிப் பேப்பரில் படித்து வியந்தவர் அவர். இப்படி ஒரு படையை யாரும் வைத்திருந்ததாகப் படித்ததில்லை.

“அப்பத் தோக்கடிச்சுடலாமுங்க டீச்சர்.”

“பத்தாதுங்ண்ணா. இன்னுங் கொஞ்சம் வேணும்.” டீச்சர் முன் வரிசைகளைக் காட்டினார். பென்ஷன் வாங்கும் வாத்தியார்கள், பாத்திரக்கடைக்காரர், அரிசி மண்டிக்காரர். இன்னும் விற்காத பழைய பங்குதாரர்கள். “அவிய எப்பவும் சரின்னுதான் எழுதிக் குடுப்பாங்க.”

“நீங்க எந்திரிச்சுப் பேசுங்க.”

“நான் அந்தக் கொளத்தைப் பாத்ததே இல்லீங்களே.”

சொல்லிவிட்டு டீச்சர் எழுந்தார். பலகாரப் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு போய்ச் சுவரோரம் நின்றுகொண்டார்.

நாற்காலி காலியாக இருந்தது. கணக்குப் பிரிவுப் பையன் ஒருவன் ஃபேன் காற்றுக்காக அதற்கு மாறப் பார்த்தான்.

“தம்பி, அது என்ற எடம்,” என்றார் அர்த்தநாரி. உட்கார்ந்தார்.

*

மேடையில் கணக்கு வாசித்தார்கள். பாராட்டு வாசித்தார்கள். புதுப் பட்டறைக்கான தீர்மானத்தை வாசித்தார்கள்.

“கேள்வி ஏதாச்சும் இருந்தா கேக்கலாம்,” என்றார் ரத்தினசபாபதி. அந்த நேரம் பார்த்துக் காபித் தட்டுகள் உள்ளே வந்தன. எல்லா வருஷமும் சரியாக அந்த நேரத்துக்குத்தான் வரும். எல்லோரும் காபிப் பக்கம் திரும்பினார்கள்.

அர்த்தநாரி கையைத் தூக்கினார். மைக்கைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அது ஒரு தடவை கீச்சென்று கத்தியது.

“பேரு?”

“அர்த்தநாரி.”

“எத்தனை பங்குங்க?”

“ஒண்ணு.”

மண்டபம் சிரித்தது. ரத்தினசபாபதி சிரிக்கவில்லை. அவருக்கு ஆளைத் தெரியும்.

“அர்த்தநாரியண்ணா, வித்துட்டுப் போயிட்டீங்கன்னு கேள்விப்பட்டேனே.”

“போனேனுங்க. போனது தப்புன்னு வந்துட்டேன்.”

“சரி, சொல்லுங்க.”

“கொக்குக்கொளத்துல என்ற தங்கச்சி மாட்டுக்குத் தண்ணி காட்டறாளுங்க. பட்டறை வந்ததுக்கப்புறமும் காட்டலாமுங்களா?”

“தாராளமா. சுத்தம் பண்ணித்தானே வுடப்போறோம்.”

“பழைய பட்டறைத் தண்ணியவே இன்னும் சுத்தம் பண்ணலீங்களே.”

காபி உறிஞ்சும் சத்தம் குறைந்தது.

பக்கத்திலிருந்த டிரைவர் எழுந்தார். “ஏனுங்க, புதுசு வந்தா எங்க பசங்களுக்கு வேலை வருமில்லீங்களா? அதையும் வேண்டாங்கறீங்களா?”

நியாயமான கேள்விதான். அர்த்தநாரி அவரைப் பார்த்தார். பையில் கையை விட்டார். கையில் அகப்பட்டது அந்தப் பேப்பர் கட்டு. டீச்சர் புரட்டிக்கூடப் பார்க்காத அதே கட்டு.

“வேலை வரோணுங்க. நானும் நூல் வித்துத்தான் சோறு தின்னேன். ஆனா இதைப் பாருங்க. வெளிநாட்டுல துணி வாங்கறவன் இப்பவெல்லாம் வெலையக் கேக்கறதுக்கு முன்னால தண்ணி எங்க போகுதுன்னு கேக்கறானாம். நாளைக்கு எல்லாருமே கேப்பாங்க. இந்தப் பக்கம் வட்டி ஏறிட்டே இருக்குது. ஏறுற வட்டிக்குக் கடன் வாங்கி, வாங்கறதுக்கு ஆளில்லாத துணிக்குச் சாயம் போட்டுட்டு, நாம என்னுங்க பண்ணப்போறோம்? அப்ப இந்தத் தம்பியோட பசங்களுக்கு மட்டும் வேலை எங்கிருந்து வரும்?”

பாத்திரக்கடைக்காரர் காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

“கடனே வேண்டாம்னு சொல்லலீங்க. வாங்குங்க. வாங்கி மொதல்ல பழைய பட்டறைத் தண்ணியச் சுத்தம் பண்றதுக்கு மெஷினு போடுங்க. அது ஓடறதைப் பாத்துட்டு, கொளத்தை வுட்டுட்டு வேற எடத்துல புதுசு கட்டுங்க. அன்னைக்கு நானே வந்து மொதல் ஓட்டுப் போடறேன். நம்ம மில்லுங்க. நம்மளே ஓடையக் கெடுத்துட்டு நம்மளே மூக்கைப் பொத்திட்டுப் போனா நல்லாவா இருக்குது?”

நம்ம மில்லு என்று சொன்னதை அவரே கவனிக்கவில்லை. சுவரோரம் நின்ற டீச்சர் கவனித்தார். மிக்சரை மென்றுகொண்டிருந்தவர் ஒரு நிமிஷம் நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

சீட்டுக் கொடுத்தார்கள். எழுதி வாங்கினார்கள். முன் வரிசை வாத்தியார்கள் ஒருவர் காதில் ஒருவர் பேசிக்கொண்டு, எப்போதும் இல்லாமல் வெகுநேரம் எழுதினார்கள். பிறகு எண்ணினார்கள்.

எண்ணி முடிக்கும்வரை அர்த்தநாரி கண்ணை மூடிக்கொண்டிருந்தார். மனசில் குளம் இருந்தது. ஆறிப்போன காபியும் இருந்தது.

“முக்கால் வரலை,” என்றார் ரத்தினசபாபதி. குரல் இறங்கியிருந்தது. “கொஞ்சத்துல போச்சு. தீர்மானம் நிறைவேறலை.”

பின் வரிசையில் ஒரு நர்ஸ் விசிலடித்துவிட்டு, அடித்தது தான் இல்லை என்பதுபோலக் குனிந்துகொண்டார்.

ரத்தினசபாபதி மேடையிலிருந்து இறங்கி நேராக மூன்றாம் வரிசைக்கு வந்தார். டிரைவர்கள் எழுந்து நின்றார்கள்.

“சுத்தம் பண்ற மெஷினுக்கு எவ்வளவு ஆகும்னு ரெண்டு வருசத்துக்கு முந்தியே விசாரிச்சு வெச்சிருக்கேனுங்ண்ணா,” என்றார் மெதுவாக. “கேக்கறவங்க ஒருத்தரும் இல்லை. அப்படியே வுட்டுட்டேன்.”

அர்த்தநாரி எழுந்து ஒரு கும்பிடு போட்டார்.

“அடுத்த வருசம் வருவீங்களா?”

“வருவேனுங்க.”

“இதே எடந்தானுங்களா?”

“இதே எடந்தான்.”

*

வாசலில் நர்சுகள் பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். டீச்சர் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

அர்த்தநாரிக்கு அந்தக் காலில் விழ வேண்டும்போல இருந்தது. தன்னைவிடப் பதினாறு வயது சின்னவர் ஆயிற்றே என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“டீச்சர், அந்தப் பங்கையெல்லாம் எனக்கே திருப்பிக் குடுத்துருங்க. என்ன வெலையானாலும் சரி.”

“நான் விக்கறதில்லீங்ண்ணா.”

“அப்ப நான் என்ன பண்றது?”

“உங்க பெட்டியத் தொறக்கவே இல்லீங்களே,” என்றார் டீச்சர்.

அர்த்தநாரி பெட்டியைத் திறந்து மைசூர்பாகை எடுத்துக் கடித்தார். தாடை வலித்தது.

“எப்படீங்க இருக்குது?”

“கல்லுங்க.”

“அடுத்த வருசம் பாக்கலாம்,” என்று சொல்லிவிட்டு டீச்சர் பஸ்ஸில் ஏறிவிட்டார்.

அர்த்தநாரி பக்கத்துக் கடையிலிருந்து பாவாயிக்குப் போன் பண்ணினார்.

“சாயங்காலம் வந்துட்டுப் போ அம்மிணி.”

“எதுக்குங்ண்ணா?”

“காபி குடிக்கத்தான்.”

*

மறுநாள் மார்க்கெட் திறந்ததும் வண்ணச்சோலை இறங்க ஆரம்பித்தது. புதுப் பட்டறை இல்லை என்றால் லாபம் இல்லை என்று யார் யாரோ விற்றுத் தள்ளினார்கள்.

சிவக்கொழுந்து ஸ்க்ரீனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தபோது மாடிப்படியில் தடதடவென்று சத்தம் கேட்டது. முன்னால் அர்த்தநாரி. பின்னால் வாக்கிங் செட்டு முழுக்க, வாக்கிங் ஷூவோடு.

“வண்ணச்சோலைங்க,” என்றார் அர்த்தநாரி. “விக்கறவங்க எவ்வளவு விக்கறாங்களோ அவ்வளவும் வாங்குங்க.”

சிவக்கொழுந்துக்கு முதல் தடவையாகச் சிரிப்பு நின்றது.

“அண்ணா, உங்களுக்கு என்னமோ ஆயிப்போச்சு. ஊரே அதை வுட்டுட்டு ஓடுது. நீங்க இத்தனை பேரு ஏறிவந்து வாங்கறீங்க. அப்படி அங்க என்னதானுங்க இருக்குது?”

அர்த்தநாரி சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

“எங்க நாற்காலி இருக்குதுங்க.”